பதினைந்து சுமைகாரர்

யாழ்ப்பாண அரசின் வரலாற்றைக் கற்பிப்பது, வடபகுதியிலே ஒரு சரித்திர ஆசிரியனுக்கு எளிதான காரியமும் ஆகும். கடினமான காரியமும் ஆகும். அப்பாடத்தின்போது மாணவர் எவரும் உறங்குவதில்லை. நல்லூர், கோப்பாய், ஊர்காவற்றுறை, ஆனையிறவு என்று அதில் வரும் பெயர்களெல்லாம் அவர்கள் பேருந்திலும் துவிச்சக்கர வண்டியிலும் கடந்துசெல்லும் இடங்கள். ஆகவே எளிது. ஆனால் பாடம் தொடங்கியதுமே ஒரு சொல் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "எங்கள் அரசு" என்பதே அது. செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறிமாறி வரும் சிம்மாசனப் பெயர்களை மனனஞ் செய்த பிள்ளைகள் "எங்கள் அரசர்" என்றே எழுதுகிறார்கள். அந்த "எங்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? அரசனோடு அமர்ந்திருந்தவர் எவர், அரசனைச் சுமந்தவர் எவர்? பரீட்சைக்கு வராத இக்கேள்வியைத்தான் நான் பல ஆண்டுகளாக வகுப்பிலே கேட்டுவருகிறேன்.

முதலில் அவ்வரசின் சிறப்பை மறைக்காமற் கூறிவிடவேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, பாண்டியரின் படைத்தலைவனாக ஈழத்துக்கு வந்த ஆரியச் சக்கரவர்த்தி ஒருவன் யாப்பகூவையைத் தாக்கி, புத்தரின் தந்த தாதுவைக் குலசேகர பாண்டியனிடம் கொண்டுசென்றான் என்று சூளவம்சம் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற் பாண்டியப் பேரரசு உட்பகையாலும் தில்லிப் படையெடுப்பாலும் சிதைந்தது. மேலே அதிகாரம் செலுத்த எவரும் இல்லாத நிலையில், வடபுலத்தில் இருந்த இத்தலைவர்கள் தாமே தமக்கு அரசராயினர். இராமேசுவரத்துச் சேதுவின் காவலர் என்று தம்மை அழைத்துக்கொண்டனர். நந்தியின் உருவத்தோடு "சேது" என்ற சொல்லையும் தம் நாணயங்களிற் பொறித்தனர். செகராசசேகரமாலை என்ற சோதிட நூலும், செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களும் அவர்களின் பெயரால் எழுந்தன. அரசகேசரி என்பவன் காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழிற் பாடினான். சிறியதொரு தீபகற்பத்தைத் தலைமையிடமாகக் கொண்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற அரசு அது. இதனை மறுப்பவர் எவரும் இல்லர். மறுக்கவேண்டிய தேவையும் இல்லை.

இவ்வரசின் செல்வ நிலையை நேரிற் கண்டு எழுதியவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவருடைய கப்பல் புத்தளக் கரையை அடைந்தது. அங்கே அவர் கண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவன். கடலில் வலிமை மிக்கவன். அவனுடைய கப்பல்கள் யேமன் வரை சென்றுவந்தன. அரசன் முன்னிலையில் முத்துக் குவியல் கிடந்தது. அதிகாரிகள் நல்லவற்றை வேறாகவும் மற்றவற்றை வேறாகவும் பிரித்துக்கொண்டிருந்தனர். விருந்தினர் என்ன வேண்டுமென்று அரசன் வினவியபோது, பாவா ஆதமின் பாதத் தடத்தைத் தரிசிக்கவேண்டுமென்றார் பதூதா. அரசன் உடனே பயண ஏற்பாடு செய்தான். ஒரு பல்லக்கு, அதனைத் தூக்குவதற்கு அரசனுடைய அடிமைகள், வழி அறிந்த யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனுடைய பரிவாரத்திலிருந்து பத்துப்பேர், உணவுப் பொருள்களைச் சுமப்பதற்குப் பதினைந்துபேர்.

இப்பகுதியை வகுப்பில் வாசித்து முடித்ததும், கரும்பலகையில் இக்கணக்கை எழுதுமாறு ஒரு மாணவனை அழைப்பேன். நான்கு, மூன்று, பத்து, பதினைந்து, கூட்டினால் முப்பத்திரண்டு. பல்லக்குத் தூக்கியவர் எத்தனைபேர் என்பதைப் பதூதா சொல்லவில்லை. "சுமைகாரர்களின் பெயர் என்ன?" என்று கேட்பேன். வகுப்புச் சிரிக்கும். பெயர் எப்படி இருக்கும்? சிரிப்பு அடங்கியதும் மெதுவாக ஓர் அமைதி வரும். புத்தளத்திலிருந்து சிவனொளிபாத மலைவரை அரிசியையும் பாத்திரங்களையும் தலையிலும் தோளிலும் சுமந்த அந்தப் பதினைந்துபேரும் எந்த ஊரினர், எந்த மொழி பேசியவர், திரும்பி வந்து தம் வீட்டாரிடம் என்ன சொன்னார்கள்? வரலாறு அவர்களைத் தொகையாக மட்டுமே அறியும். ஆயினும் அத்தொகையாவது எஞ்சியது ஓர் அந்நியன் எழுதிவைத்தமையாலேதான்.

நம்மவர் எழுதிவைத்தவற்றை எடுத்துப் பார்ப்போம். யாழ்ப்பாண வைபவமாலை 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவரால் எழுதப்பட்டது. அதற்கு ஆதாரமான நூல்களுள் ஒன்று கைலாயமாலை. தென்னகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய தலைவர்களை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. திருநெல்வேலியிற் பாண்டிமழவன், இணுவிலிற் பேராயிரவன், நெடுந்தீவிலே தனிநாயகன் என்று அவ்வரிசை நீளும். ஒவ்வொருவரின் குலம், ஊர், கொடி, மாலை எல்லாம் உண்டு. நிலத்தைத் திருத்தியவன், கிணறு வெட்டியவன், பனை ஏறியவன், உப்பு வாரியவன், வலை இழுத்தவன் ஆகியோருக்கு அவ்வரிசையில் இடமில்லை. நூலைப் பாடுவித்தவர்களும் பாதுகாத்தவர்களும் எவர் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. முதலியார் இராசநாயகம் 1926இலும் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் இவ்வைபவங்களை ஆராய்ந்தனர். பின்பு பேராசிரியர் பத்மநாதன் 1978இலே தனி நூலாக இவ்வரசின் வரலாற்றை எழுதினார். அரசர்களின் ஆண்டுகளையும் வரிசையையும் நிறுவுவதற்கே அறிஞர்கள் இத்துணை பாடுபடவேண்டியிருந்தது என்றால், சுமந்தவரின் கதையை மீட்பது எத்துணை கடினம் என்று சொல்லவேண்டியதில்லை.

என் தாய்வழிப் பாட்டனார் எழுத்தறியாதவர். பிறருடைய புகையிலைத் தோட்டங்களிலே துலா மிதித்தே காலம் கழித்தவர். நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்த நாள்களில், விடுமுறைக்கு வந்து வைபவமாலையை உரத்து வாசித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையிற் படுத்திருந்தபடியே நெடுநேரம் கேட்டார். குடியேறிய தலைவர்களின் வரிசை முடிந்ததும், "காணிக்காரன்ரை பேர் உறுதியிலை இருக்கும் தம்பி. துலா மிதிச்சவன்ரை பேர் எதிலை இருக்கும்?" என்று கேட்டார். அக்கேள்வியிற் கோபம் இருக்கவில்லை. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று விசாரிப்பவரைப்போலத்தான் கேட்டார். அதற்குரிய விடையை எந்த நூலிலும் நான் காணவில்லை. ஆனால் விடையின் சில துண்டுகள் நிலத்திலே கிடக்கின்றன.

ஆனையிறவு என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் பரவைக் கடலைக் கடந்து குடாநாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட துறை அது. வன்னித் தலைவர்கள் யாழ்ப்பாண அரசனுக்குச் செலுத்திய திறையிலே யானை முதன்மையானது. நகரத்தில் ஆனைப்பந்தி என்ற இடப்பெயர் உண்டு. ஊர்காவற்றுறைக்குக் 'கயிற்ஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது; யானைகள் கப்பலேறிய துறை அது. ஒரு காட்டு யானையைப் பிடித்து, பழக்கி, நீரைக் கடத்தி, கப்பலில் ஏற்றுவதற்கு எத்தனை மனிதர் வேண்டும்! எத்தனைபேர் மிதிபட்டிருப்பர்! முத்தும் அவ்வாறே. காலிற் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, மன்னார்க் கடலின் அடித்தளத்துக்கு இறங்கிய சுழியோடியின் நெஞ்சுதான் அரசன் முன்னிலையிற் கிடந்த முத்துக்குவியலாக மாறிற்று. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேரை மணல் நிலத்திலே குந்தியிருந்து கிண்டி எடுத்தவர்கள் இன்னொரு கூட்டத்தினர். யானை, முத்து, சாயவேர் என்று ஏற்றுமதிப் பண்டங்களை மாணவர் ஒரே மூச்சிற் சொல்லிவிடுவர். அவற்றின் பின்னால் நின்ற கைகளைச் சொல்லச் சொன்னாற்றான் தயங்குவர்.

"எங்கள் அரசு" என்பதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வரசு 14ஆம் நூற்றாண்டில் உச்சநிலையில் இருந்தபோது அதன் வரிசேகரிப்போர் தெற்கிலும் மத்திய மலைநாட்டிலும் சிங்களக் கிராமங்களிடமிருந்து இறை வாங்கினர். அழகக்கோனார் அவ்வரிசேகரிப்போரைத் தூக்கிலிட்டு, ஜயவர்த்தனபுரக் கோட்டையை அரணாக்கிப் போருக்கு எழுந்தான் என்று சிங்கள வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இதைக் கேட்டதும் சில மாணவர் பெருமிதம் அடைவர்: நாம் அவர்களிடம் திறை வாங்கினோமே! அப்போது நான் இரண்டு செய்திகளைச் சொல்வேன். ஒன்று, அழகக்கோனாரின் குலமே தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியது. மற்றது, வயலில் நின்ற சிங்களக் கமக்காரனிடமிருந்து நெல்லைப் பறித்த அதே கை, தோட்டத்தில் நின்ற தமிழனிடமிருந்தும் பறித்தது. "நாம்" வாங்கினோம் என்கிறோமே, அதில் என் பாட்டனாரின் முன்னோருக்கு ஒரு கொத்து நெல்லாவது வந்ததா?

1450ஆம் ஆண்டளவிற் சக்கரம் மறுபக்கம் திரும்பியது. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகனான சப்புமல் குமாரன், தமிழிற் செண்பகப் பெருமாள், யாழ்ப்பாணத்தை வென்றான். மன்னன் கனகசூரியன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்ட சப்புமலுக்குத் தெற்கே தெவிநுவரையிலிருந்து குயிலைத் தூது அனுப்பும் கோகில சந்தேசம் என்ற சிங்களக் காவியம் அக்காலத்தது. அவன் பின்னர் கோட்டைக்குச் சென்று புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடினான். இன்றும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவிற் சொல்லப்படும் கட்டியத்தில் சங்கபோதி புவனேகபாகுவின் பெயர் ஒலிக்கிறது. தேர்முட்டியடியிலே கைகூப்பி நிற்கும் பல்லாயிரவருள் அதைச் செவிமடுப்பவர் சிலரே. இனத்தின் பெயரால் வேலி போட முனைவோர், வடக்கிலாயினும் தெற்கிலாயினும், அக்கட்டியத்தை ஒருமுறை ஊன்றிக் கேட்கவேண்டும்.

இனிச் சங்கிலி மன்னனுக்கு வருவோம். முத்திரைச் சந்தியிலே குதிரைமீது வாளேந்திய சங்கிலியன் சிலை நிற்கிறது. சங்கிலி என்ற பெயருடையோர் இருவர். 1519இல் ஆட்சிக்கு வந்து நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டவன் ஒருவன். 1619இற் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டவன் மற்றவன். வைபவமாலை இருவரையும் ஒருவராக்கி மயங்கிற்று. மேடை நாடகங்களும் அவ்வழியே சென்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த பாடசாலையில் ஆண்டு விழாவுக்குச் சங்கிலியன் நாடகம் அரங்கேறியது. எழுதியவர் என் சக ஆசிரியர். தமிழறிவும் நேர்மையும் உள்ளவர். முழக்கமான வசனங்கள், கைதட்டல்கள். மறுநாள் வகுப்பிலே, மன்னாரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், மன்னாரிலை வெட்டுப்பட்ட ஆக்களை நாடகத்திலை ஏன் காட்டேல்லை?" என்றான். அவனுடைய தந்தையார் கடற்றொழிலாளி.

அவன் கேட்டது 1544ஆம் ஆண்டுச் சம்பவத்தை. மன்னார்த் தீவின் கடலோர ஏழை மக்கள் ஞானஸ்நானம் பெற்றமைக்காக முதலாம் சங்கிலி படையுடன் சென்று ஏறத்தாழ 600 பேரைக் கொன்றான். அதனை மதவெறி என்ற ஒரு சொல்லால் மூடிவிடல் போதாது. எதிர்க்கரையில் முத்துக்குளித்த பரதவர் 1530களிலே திரளாக மதம் மாறிப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை ஏற்றிருந்தனர். அதனோடு அக்கரையின் முத்துவளமும் போர்த்துக்கேயர் கைக்குப் போயிற்று. மன்னாரும் அவ்வழியே போய்விடும் என்ற அச்சம் அரசனுக்கு இருந்தது. மறுபக்கத்தாரும் அருளாளர் அல்லர். சங்கிலியைத் தண்டிக்கவேண்டுமென்று பிரான்சிஸ் சவேரியார் வற்புறுத்தினார், படையெடுப்புக்கும் ஏற்பாடாகியது. ஆனால் போர்த்துக்கேய அரசனின் பண்டங்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் உடைந்து, சரக்குச் சங்கிலியின் கையிற் சிக்கியதும், சரக்கு மீளும்வரை படையெடுப்புத் தள்ளிவைக்கப்பட்டது. ஒருவனுக்கு முத்துவரி பெரிது. மற்றவனுக்குக் கப்பற் சரக்குப் பெரிது. நடுவிலே கிடந்தவை 600 சடலங்கள்.

இதைப்பற்றி அந்த நண்பரோடு ஆசிரியர் அறையிலே நீண்ட வாதம் நடந்தது. "நம்முடைய மக்கள் இவ்வளவையும் இழந்து நிற்கிறார்கள். எஞ்சியிருக்கும் ஒரு பெருமையையும் நாமே குலைக்கலாமா?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போரிலே வீட்டையும் பிள்ளைகளையும் இழந்தோர் நிறைந்த ஊரில் எழுந்த கேள்வி அது. ஆயினும் அந்த மாணவனின் முகத்தைப் பார்த்து, "உன் ஊரார் இறந்தது நம்முடைய பெருமைக்கு இடையூறு, ஆகவே பேசாதே" என்று எந்த ஆசிரியன் சொல்வான்? சிலருடைய மௌனத்தை விலையாகக் கேட்கும் பெருமை, நாளை வேறு சிலருடைய மௌனத்தையும் கேட்கும். நண்பர் இறுதிவரை என் கருத்தை ஏற்கவில்லை. ஆனால் அவ்வாண்டு எங்கள் வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகையில் 1544ஐப் பற்றி அம்மாணவன் எழுதிய இரண்டு பக்கங்கள் வெளிவந்தன. எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவர் அந்த நண்பரே.

1560இல் தாக்கியும், 1591இல் அரசனைக் கொன்று தமக்கு இணங்கியவனை அரியணையேற்றியும், 1619இல் முற்றாகக் கைப்பற்றியும் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை முடித்தனர். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேரா இடித்தான். பாடநூல் இங்கே முடிகிறது. அரசு வீழ்ந்தது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். வீழ்ந்தது என்ன, வீழாதது என்ன என்று நாம் கேட்கவேண்டும். புதிய எசமானர்கள் பழைய வரிகளை ஒழிக்கவில்லை; தோம்புகளிற் பதிந்து உயர்த்தினார்கள். அரசனுக்குச் செய்த ஊழியம் பறங்கித் தளபதிக்குரிய ஊழியமாயிற்று. 1658க்குப் பின் ஒல்லாந்தருக்குரியதாயிற்று. யானை அதே துறையிற் கப்பலேறியது; சாயவேரை அதே கைகள் கிண்டின. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய தேசவழமையிலே நிலத்துக்கும் சீதனத்துக்கும் விதி உண்டு. அடிமைகளுக்கும் விதி உண்டு. அச்சட்டத்தைப் பார்வையிட்டு ஏற்றுக்கொண்டவர்கள் இந்நாட்டு முதலிமார் பன்னிருவர். கட்டாய இராசகாரியம் 1832இலும் அடிமை முறை 1844இலும் சட்டப்படி ஒழிந்தன. ஆனால் தேநீர்க் கடையில் சமமாக இருந்து குடிப்பதற்கு 1966இலே சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. 1968இலே மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் தடுக்கப்பட்டு நின்றனர். அரசு வீழ்ந்து 347 ஆண்டுகள் சென்றபின்னும் அவ்வரசின் படிக்கட்டுகள் நின்றன! மன்னனின் முடி ஒரே நாளிற் போயிற்று. கீழ்ப்படியில் நின்றவனின் சுமை போகவில்லை.

நல்லூரில் மந்திரிமனையையும் யமுனா ஏரியையும் பார்ப்பதற்கு ஆண்டுதோறும் மாணவரை அழைத்துச் செல்கிறேன். மந்திரிமனையின் கட்டட அமைப்பிற் பிற்கால ஐரோப்பியச் சாயலே தெரிகிறது என்பதை அங்கேயே காட்டுகிறேன். யமுனா ஏரியின் படிகளில் இறங்கியதும், யமுனை நதியின் நீரைக் காவடிகளில் வருவித்து இதில் ஊற்றினான் அரசன் என்ற ஐதிகத்தைச் சொல்கிறேன். அதன்பின் மாணவர் தாமாகவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்: "காவடியைக் காவினது ஆர், சேர்?" இக்கேள்வி ஒரு பிள்ளையின் வாயில் எழுந்துவிட்டால் சரித்திரப் பாடத்தின் பாதி வேலை முடிந்தது.

மற்றப் பாதி வேலையை ஆசிரிய நண்பர்களாகிய நாம் சேர்ந்து செய்யவேண்டும். ஒவ்வொரு மாணவனும் தன் ஊரின் கேணிகளையும் துறைகளையும் ஒழுங்கைகளையும், அவற்றின் பெயர்களையும், அவ்விடங்களில் உழைத்தோரைப் பற்றி முதியோர் சொல்லும் கதைகளையும் எழுதிவரட்டும். முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள், காலம் அதிகமில்லை. என் வகுப்பில் இதுவரை மூன்று பயிற்சிக் கொப்பிகள் நிறைந்துள்ளன. வலைக்கயிறு திரித்தவர், சுண்ணாம்பு சுட்டவர், பனையோலைப் பட்டை கோலியவர் என்று பெயர்கள் சேர்கின்றன. ஆரியச் சக்கரவர்த்திகளின் பட்டியல் வகுப்புச் சுவரிலே தொங்குகிறது. அதை நான் கழற்றவில்லை. அதன் அருகிலே இந்தப் பெயர்களையும் எழுதி ஒட்டி வருகிறோம்.